அசோக்குமார் வயலில் புதைத்த கால்

சிவபாண்டிக்கு இல்லாத இடது காலில் ஆனி மாதம் சேற்றுப்புண் வந்தது. அலங்காநல்லூர்ப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் திறந்த இரண்டாம் நாள் அது. காளவாசலில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அவருக்கு, சர்க்கரையால் முட்டிக்குக் கீழே ஒரு சாண் மட்டும் விட்டு அந்தக் காலை எடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இல்லாத விரல்கள் அரிப்பது வழக்கம்தான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். செயற்கைக் காலைக் கழற்றினால் உள்ளேயிருந்து அரைப்படி சேறும் இரண்டு நத்தையும் விழும் என்று அவர் சொல்லவில்லை.

தப்பு மைத்துனர் அசோக்குமாருடையது. எடுத்த காலைப் பையில் போட்டு அவரிடம்தான் கொடுத்தார்கள். முறையாக அடக்கம் செய்யச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்தவர் இறப்புச் சான்றிதழ் கேட்டார். ஆள் உயிரோடு இருக்கிறார் என்றதும், "அப்ப அவரு வரும்போது சேத்துக் கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அசோக்குமார் நேராக அலங்காநல்லூர்ப் பக்கம் இருக்கும் தன் வயலுக்குப் போய் ஒரு மூலையில் புதைத்துவிட்டு, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அக்காவிடம் சொன்னார். பெரிய புத்திசாலி. கோடை உழவுக்கு வந்த டிராக்டர்காரரிடமும் அவர் வாயைத் திறக்கவில்லை.

சேறு தினமும் வந்தது. சிவபாண்டியின் மனைவி ரோகிணி காலையில் வெட்டிய இடத்தைக் கழுவித் துடைத்துத் துணி உறை மாற்றிவிடுவார். பத்து மணிக்குள் மறுபடி சொதசொதவென்று ஆகிவிடும். ஊறிய தோல் வெடித்துச் சீழ் வைத்தது. ஒரு வாரத்தில் காயாவிட்டால் முட்டிக்கு மேலே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முட்டி இருக்கும்வரைதான் கடையில் உட்கார்ந்து எழுந்து வண்டிக்கு ஜாக்கி வைக்க முடியும். ரோகிணி தம்பிக்குப் போன் போட்டு, "உண்மையச் சொல்லுடா, எங்கடா வச்ச?" என்று கத்தினார். அவரும் சொல்லிவிட்டார்.

ஆறாம் நாள் மூவரும் வயலில் நின்றபோது நடவு நடந்துகொண்டிருந்தது. மூலையில் தோண்டிப் பார்த்தார்கள், இல்லை. டிராக்டர் எங்கே இழுத்துப் போட்டதோ. தண்ணீரை வடியவிட்டால் நாற்று செத்துவிடும் என்று அசோக்குமார் கெஞ்சினார். சிவபாண்டி வரப்பில் உட்கார்ந்து, "வடிய விட வேணாம் மாப்ள. அவுக நடட்டும்" என்றார். எட்டுப் பெண்கள் வரிசையாகப் பின்னால் நகர்ந்தபடி நட்டார்கள். முக்கால்வாசி வயல் முடிந்து வெயிலும் இறங்கியது. சிவபாண்டியின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கடைசிப் பாத்தியில் அவர் அலறினார்.

"ஐயோ, மிதிக்காத!"

இருளாயி நாற்றுமுடியோடு அப்படியே நின்றுவிட்டார். "நானாண்ணே?"

"நீதாம்மா. குதிகால்ல நிக்கிற."

தோண்டி எடுத்தார்கள். கால் அழுகவில்லை. விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருந்தது, அவ்வளவுதான். சிவபாண்டி அதை மடியில் வாங்கிவைத்துக்கொண்டு, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் இல்லாமல் அழுதார். வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, ஈரம் ஒற்றி, மருந்து போட்டு, காற்று வரும் ஜன்னலோரம் துணி விரித்து வைத்தார்கள். மறுநாளே வெட்டிய இடத்தில் சீழ் நின்றது. பத்து நாளில் காய்ந்தது. டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்து, இது போதும் என்று அனுப்பிவிட்டார்.

ஆவணியில் திருச்சியில் ஒரு கல்யாணம். பஸ்ஸில் அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால், பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளிடம் சாவியைக் கொடுத்து, சாயங்காலம் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவச் சொல்லியிருந்தார்கள். விராலிமலை தாண்டும்போது போன் வந்தது.

"அண்ணே, காலுக்கு எண்ணெய் தடவியாச்சு."

"தெரிஞ்சுச்சும்மா," என்றார் சிவபாண்டி. "விரலிடுக்குல பட்டிருச்சு. ஒரு துணிய வச்சுத் தொடச்சு விட்ருங்க."