மதினி போட்ட லீவு

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் மேலகரத்துக்காரர்களுக்குச் சொந்தபந்தம் இரண்டு மடங்காகிவிடும். பொங்கலுக்கு முகம் காட்டாத ஒன்றுவிட்ட சித்தப்பா மகன்கூடத் துண்டும் கையுமாக வாசலில் நிற்பான். சண்முகப்பிரியா அந்தக் கணக்கில் வரமாட்டாள். மேலகரத்து வேல்சாமியின் கூடப்பிறந்த தங்கை அவள். அண்ணன் வீட்டுக்கு வர அவளுக்குச் சீசன் எதற்கு? ஆனாலும் மதுரையிலிருந்து அவள் சீசனுக்குத்தான் வருவாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வந்தால் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் அருவியைப் பார்த்து ஓடுவார்கள். செருப்பு, செல்போன், மாற்றுத்துணி, கழற்றிய சங்கிலி எல்லாம் அண்ணன் மனைவி, மதினி முத்துசெல்வியின் மடியில் வந்து விழும். "ஊர்க்காரிக்கு என்ன, நெனச்ச நேரம் குளிச்சுக்கிடலாம்லா?" என்று ஒரு பேச்சு வேறு. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில் அந்த நினைத்த நேரம் அவளுக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை.

எப்படி வாய்க்கும்? தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு ரத்தம் எடுக்க விடியும்போதே பஸ் ஏற வேண்டும். சாயங்காலம் இரண்டு பிள்ளைகளின் வீட்டுப்பாடம், மாவாட்டல், துணிமணி. ஞாயிறு என்றால் விருந்தாளி. கைக்குழந்தை அழ வாயெடுக்குமுன் ஊசியை உருவிவிடுகிற கை அவளுடையது. தனக்கென்று அரைமணி நேரத்தை எடுக்கத்தான் அந்தக் கைக்குத் தெரியவில்லை. போன சீசனில் பிள்ளைக்குக் காய்ச்சல். இந்தச் சீசனில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை.

பிரியா குடும்பத்தோடு வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தடையை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கேட்ட கையோடு மறுநாளைக்கு மதினி லீவு போட்டுவிட்டதை அண்ணன் சொல்லிப் பிரியாவுக்குத் தெரியும். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள்.

"என்ன மதினி, நாளைக்கு லீவாமே? அருவிக்கு வாரியள்லா?"

"வாரேன்" என்றாள் முத்துசெல்வி, இட்லித் தட்டில் துணியை விரித்துக்கொண்டே. "ஆனா உங்ககூட இல்ல பிரியா. நான் குளிக்கப் போறேன். அதுக்குத்தான் லீவு."

குரலில் கோபம் இல்லை, குறை இல்லை. மன்னிப்பும் இல்லை. அதுதான் பிரியாவுக்குச் சுருக்கென்றது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுக்கப் போனாள். காலையில் எழுந்து பார்த்தால் மதினியின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். ஹாட்பாக்ஸில் இட்லி சூடாக இருந்தது. மதினியைக் காணோம்.

மெயின் அருவிக்குப் போய் இறங்கியதும் பிரியாவின் கணவன் ஜெகதீஸ்வரன், "பார்த்துக்கோ" என்று பையை நீட்டிவிட்டு, மகனை இழுத்துக்கொண்டு ஆண்கள் பக்கம் ஓடினான். பிரியா தோளில் ஒன்றும் கையில் இரண்டுமாக, இடுப்பில் நாலு வயது மகளோடு நின்றாள். சங்கிலி எங்கே, செல் நனைகிறதா, பிள்ளை வழுக்குகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. இவ்வளவு தூரம் வந்து, அருவியின் முன்னால் காய்ந்த தலையோடு நிற்கிறோமே என்று அழுகையே வந்தது. இப்படித்தானே மதினி வருஷா வருஷம் நின்றாள்? அந்த நினைப்பு வந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பெண்கள் பக்கம் பார்த்தாள். கூட்டத்தின் நடுவே முத்துசெல்வி. பழைய பச்சைச் சுடிதார், அவிழ்த்துவிட்ட முடி, தலைமேல் இரண்டு கையையும் கோத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவளை அடி அடி என்று அடித்தது. அசையவில்லை. மதினி இவ்வளவு அழகா என்று பிரியாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அத்தே!" என்று மகள் கையை ஆட்டினாள்.

அருவி இரைச்சலில் அது கேட்டிருக்காது. ஆனால் அந்த நேரம் பார்த்து முத்துசெல்வி கண்ணைத் திறந்தாள். பைகளோடு நிற்கிற நாத்தனாரைப் பார்த்தாள். அவ்வளவுதான், பழகிய கால் தானாக ஓர் அடி முன்னால் வந்துவிட்டது. முகத்து நீரை வழித்துவிட்டு, வெளியே வர இடம் தேடினாள்.

"வராதீய மதினி! அங்கனயே நில்லுங்க!" பிரியா கத்தினாள். எவர் காதிலும் விழவில்லை. முத்துசெல்வி இன்னும் ஓர் அடி வைத்தாள்.

பிரியா சட்டென்று திரும்பினாள். அருவிக்கு முதுகைக் காட்டி ஈரப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பைகளை மடியில் அள்ளிக்கொண்டாள். யாரிடமும் எதுவும் வேண்டாதவள் போல எதிரே நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிற கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகெல்லாம் சாரல் தெறித்தது. திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது, பார்க்கவில்லை.

"நாம குளிக்கலியாம்மா?"

"குளிப்போம். அத்தை குளிச்சு முடிக்கட்டும். வாராங்களான்னு நீ மட்டும் பாரு."

மகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள். சிப்ஸ் கடைக்காரர் அடுத்த ஈடு போட்டு எடுத்தார். ஜெகதீஸ்வரன் ஒரு தடவை வந்து துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

"அத்தை இன்னும் வரலம்மா" என்றாள் மகள், பொறுமையிழந்து.

"வரலியா?" பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "நல்லாப் பாத்துச் சொல்லு."

"வரவே இல்ல. திரும்பி உள்ளயே போயிட்டாங்க."