நீல வண்டியின் இரண்டு முட்கள்

அன்று காலை அந்த நீல வண்டிக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். ஓட்டியவர் இராமகிருஷ்ணன். பக்கத்து இருக்கையில் மகன் சரவணக்குமார். பின்னால் மனைவி பொன்னுத்தங்கம், மடியில் வெற்றிலை பழத் தட்டோடு. அவளை ஒட்டி, அரக்குப் பட்டில், அன்றைக்கு நிச்சயதார்த்தம் நடக்கவிருந்த மகள் பிரீத்திகா. ஐந்தாவதாக ஒருவர் ஏறவில்லை. ஏறிய நால்வரில் ஒருவர் வழியில் இறங்கி வேறு வண்டிக்கு மாறவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சொந்தக்காரர்கள் பஸ் பிடித்து முன்னாலேயே விருதுநகர் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். சிவகாசியை விட்டுக் கிளம்பியதிலிருந்து இராமகிருஷ்ணன் ரோட்டைப் பார்த்ததைவிட ஸ்டீயரிங்குக்குக் கீழே பக்கம் பக்கமாக மாட்டியிருந்த இரண்டு டெம்பரேச்சர் மீட்டர்களைப் பார்த்ததுதான் அதிகம். வண்டியோடு வந்த மீட்டர் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. போன ஆவணியில் ஒரு துக்க வீட்டுக்குப் போகும்போது இன்ஜின் கொதித்து வண்டி கடைவீதியில் நின்றுவிட, "கம்பெனியப் போலவே வண்டியும் படுத்துருச்சு" என்று யாரோ சொன்னது அவர் காதுவரைக்கும் வந்து சேர்ந்தது. எம். புதுப்பட்டியில் அவருடைய பட்டாசுக் கம்பெனி பூட்டிக் கிடந்தது. ஒரு அறையில் தீப்பிடித்ததில் உயிர் எதுவும் போகவில்லை; லைசென்ஸ் போனது. லாரியும் வேன்களும் கைமாறிய பிறகு, இது இன்னார் வீட்டு வண்டி என்று ஊர் அடையாளம் சொல்ல மிஞ்சியது அவருடைய அப்பா வாங்கிய இந்த நீல வண்டி ஒன்றுதான். மாப்பிள்ளையின் தகப்பனார் மாரீஸ்வரன் போனில், "அண்ணாச்சி, பொண்ணு வர்றதுக்கு வேணும்னா நம்ம வண்டிய அனுப்பி வைக்கேன்" என்று மரியாதையாகத்தான் சொன்னார். "எங்க வீட்டுப் பொண்ணு எங்க வண்டியில வரும்" என்று இராமகிருஷ்ணன் சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் இல்லை.

மீட்டர் வாங்கப் போன இடத்திலேயே அப்பாவுக்கும் மகனுக்கும் ஒத்துப்போகவில்லை. சரவணக்குமார் கேட்டது வயர் வைத்தது. ரேடியேட்டர் ஹோஸை அறுத்து நடுவில் ஓர் இணைப்பைச் செருகி, அதில் சென்சாரை முடுக்கி, மீட்டருக்கு வயர் இழுத்தால் வேலை முடிந்தது. இராமகிருஷ்ணன் எடுத்தது கரண்டே வேண்டாத பழைய ரகம். இன்ஜின் பக்கம் ஒரு குமிழ். அதிலிருந்து ஈர்க்குப் பருமனில் ஒரு செம்புக் குழாய் மீட்டர்வரை வரும். சூட்டில் உள்ளே இருப்பது விரிந்து முள்ளைத் தள்ளும். வெடிமருந்து அறையில் ஒரு பல்பு எரிய விடாத மனிதர் அவர். வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்காமல் அவருடைய கம்பெனியில் யாரும் உள்ளே போனதில்லை, அவரும் போனதில்லை. அப்படியும் தீ வந்ததற்குக் காரணம் வெளிச்சுவரில் ஓடிய வயர்தான் என்று அவர் இன்றுவரை நம்புகிறார். கடைசியில் அப்பாவும் மகனும் இரண்டையும் மாட்டச் சொன்னார்கள். எலக்ட்ரீசியன் நல்லசிவம் சிரித்துவிட்டான். "ரெண்டு பொண்டாட்டி கட்டுன கதைதான் அண்ணாச்சி. எவ பேச்சக் கேப்பீக?"

மாட்டி முடித்து ஓட்டிப் பார்த்தபோது இரண்டு முட்களும் ஒற்றுமையாக நடுவில் நின்றன. ஆனால் மிச்சச் செம்புக் குழாய் சுருளாக வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணப் பெண் ஏறும் வண்டியில் குடல் சரிந்த மாதிரி அது தொங்குவது இராமகிருஷ்ணனுக்குப் பொறுக்கவில்லை. வண்டியைக் கொண்டுவந்து வீட்டில் நிறுத்திய கையோடு, இன்ஜின் சூடு ஆறுமுன்பே, சுருளை டாஷ்போர்டுத் தகட்டுக்குப் பின்னால் திணித்து, கிளிப்பை வைத்து இறுக்கி, வெளியே ஒன்றும் தெரியாமல் செய்துவிட்டார்.

திருத்தங்கல் தாண்டியதும் சரவணக்குமார் குனிந்து பார்த்தான்.

"அப்பா, என்னோடது ஏறுது."

"என்னோடது ஏறல."

"ரெண்டுக்கும் ஒரே இன்ஜின்தானப்பா."

"வயரு பொய் சொல்லும்ல. சும்மா வா."

"எந்த முள்ளு பொய் சொல்லுதுன்னு மண்டபத்துல போயி சம்பந்திகிட்டக் கேட்டுக்கிடுவமா?" என்றாள் பொன்னுத்தங்கம்.

மகனுடைய முள் சிவப்புக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய முள் நடுவில், கோயில் தூண் மாதிரி, அசையாமல் நின்றது. மீட்டரை விரலால் சுண்டிப் பார்த்தார்; அப்போதும் அசையவில்லை. பின்னால் தெரிந்தவர்கள் வண்டி ஏதும் வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்தார். மண்டபத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான், ஓட்டிவிடலாம். ஓட்டி, வாசலில் வைத்து வெடித்தால்? நிறுத்தி, ரோட்டோரம் நிற்பதை எவனாவது படம் பிடித்தால்?

பிரீத்திகா முன் இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டினாள். "அப்பா, ஒண்ணு சொல்லட்டா? வீட்டுல வண்டிய எடுக்கும்போதே உங்க முள்ளு அங்கனதான் நின்னுச்சு. இன்ஜின் ஆறிக் கெடந்துச்சுல்ல அப்ப?"

ஆமத்தூருக்கு ரோடு பிரியும் விலக்கில் அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

பானட்டைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. ஹோஸ் நடுவில், சென்சாருக்காகச் செருகிய இணைப்பில், கிளிப் தளர்ந்து தண்ணீர் சீறிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்ன மீட்டர்தான் தண்ணீரையும் குடித்திருக்கிறது. சரவணக்குமாருக்கு முகம் செத்துப்போனது. தகட்டுக்குப் பின்னால் தான் இறுக்கிய கிளிப்புக்குக் கீழே செம்புக் குழாய் தட்டையாக நசுங்கி, முள் அன்றைய சூட்டிலேயே சிக்கியிருக்கும் என்பது இராமகிருஷ்ணனுக்குப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. மகன் போனை எடுத்தான். "மாரீஸ்வரன் மாமாகிட்ட ஒரு வார்த்தை..."

"ஏலே, போன உள்ள வை."

எதிர்ப்பக்கம், சிவகாசியைப் பார்த்துப் போன வேறொரு பட்டாசுக் கம்பெனியின் வேன் வேகம் குறைந்து நின்றது. ஜன்னலெல்லாம் தலைகள். முதலில் இறங்கியவள் முருகம்மாள். தீப்பிடித்த அன்றுவரை அவருடைய கம்பெனியில் திரி வைத்துக்கொண்டிருந்தவள். இப்போது வேறு இடத்துக்கு வேலைக்குப் போகிறாள். கம்பெனி பூட்டிய பிறகு அங்கே வேலை பார்த்தவர்கள் யார் முகத்திலும் அவர் முழித்ததில்லை.

"மொதலாளி, நம்ம நீல வண்டிதான? தூரத்துலயே தெரிஞ்சிருச்சு." பானட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "தண்ணி வேணுமாக்கும். நாங்க வாய் வச்சுக் குடிக்கிற தண்ணிதான். ஊத்தலாமா?"

வேனிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாய் திறப்பதற்குள் பிரீத்திகா இறங்கி வந்து, முருகம்மாள் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, அண்ணாந்துகூடக் குடிக்காமல், வாய் வைத்தே பாதியைக் குடித்துவிட்டாள்.

"குடு தாயி" என்றார் இராமகிருஷ்ணன்.

பாட்டில்கள் கைமாறி வந்தன. சூடு தணியும்வரை காத்திருந்து, துணியைப் போட்டு மூடியைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அவரே ஊற்றினார். அதற்கு முன்பே சரவணக்குமார் ஹோஸ் கிளிப்பை முடுக்கியிருந்தான். "கம்பெனி எப்பத் தொறப்பீக?" என்று முருகம்மாள் கேட்டாள். அவர் ரேடியேட்டருக்குள் பார்த்துக்கொண்டே, "பாப்போம்" என்றார். வேன்காரன் ஹாரன் அடித்தான்.

மண்டப வாசலில் மாரீஸ்வரன் அவருடைய நனைந்த சட்டைக் கையைப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, வழியில ஏதும்..."

"ஹோஸ்ல தண்ணி போச்சு. நம்ம கம்பெனி முருகம்மா தண்ணி குடுத்துச்சு. ஊத்திட்டு வந்தோம்."

மாரீஸ்வரன் வண்டியைப் பார்த்தார், பிரீத்திகாவைப் பார்த்தார். "வாங்க" என்றார். அதற்குமேல் அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. இராமகிருஷ்ணன் சாவியை எடுக்கத் திரும்பவும் வண்டிக்குள் குனிந்தார். ஒரு முள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று நடுவிலேயே நின்றது.

நீல வண்டி தீப்பிடித்துவிட்டது, பெண்ணைப் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏற்றித்தான் மண்டபத்துக்கு அனுப்பினார்கள் என்று சிவகாசியில் இப்போதும் சொல்கிறார்கள். தீ இல்லை, ஆவி. வேன் நின்றது சிவகாசியைப் பார்த்து. அதில் யாரும் ஏறவில்லை. அதிலிருந்து இறங்கியது முருகம்மாளும் தண்ணீரும்தான்.