குஞ்சம் வெட்டிய கம்பளம்

ஹாஜரா பீவிக்குக் கிறுக்கு என்று சொல்லாத ஆள் தென்காசியில் குறைவு. கைலி நெய்கிறவன் பெண்டாட்டி, வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு குற்றாலத்துக்கு பஸ் ஏறி, துரைமார் காலி செய்யும் பங்களாக்களில் ஏலம் கேட்டால் ஊர் வேறென்ன சொல்லும்? அவள் எடுப்பதெல்லாம் பழைய காஷ்மீர்க் கம்பளம். அந்த ஊர் மலைக்காரர்கள் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு நெய்தது. இதுவரை ஐந்து சேர்த்திருந்தாள். எல்லாம் நிக்காஹ்வில் மாப்பிள்ளை அவளுக்கென்றே கொடுத்த மஹர் நகையை விற்று எடுத்தவை. எவன் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை.

1958 சாரல் மழைக்காலத்தில் தறி ஓய்ந்துபோனது. கணவன் அப்துல் ஜப்பார் நச்சரித்து நச்சரித்து, கம்பளங்களை விற்க அவளைத் தலையாட்ட வைத்துவிட்டான். குற்றாலத்தில் லாட்ஜ் கட்டும் ஆறுமுகநயினார் பார்க்க வருவதாக ஏற்பாடு.

வருகிறவர் கண்ணுக்குச் சரக்கு சுத்தமாக இருக்க வேண்டாமா? கைலியைத் தறியிலிருந்து அறுத்ததும் ஓரத்தில் தொங்கும் நூலைக் கத்தரித்துப் பழகிய கை ஜப்பாருடையது. அவள் அடுப்படியில் இருந்தபோது, சிவப்புக் கம்பளத்தின் குஞ்சத்தை இருபக்கமும் ஒட்ட வெட்டிவிட்டான். அவள் முதன்முதலில் எடுத்த கம்பளம் அது.

ஆறுமுகநயினார் வந்து ஓரத்தைத் தடவினார். விரலோடு நாலு முடிச்சு உதிர்ந்து வந்தது.

“பாய், இது அலங்காரக் குஞ்சம் இல்ல, முடிச்சையெல்லாம் தாங்குற பாவு நூலு. இதை வெட்டினா முடிச்செல்லாம் கழண்டுரும். இது இனி குப்பை. மத்த நாலையும் எடுத்துக்கிடுதேன்.”

கதவுக்குப் பின்னால் நின்று ஹாஜரா கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது ஆத்திரம். விறுவிறுவென்று முன்னால் வந்தாள்.

“நாலும் கிடையாது. நீங்க போயிட்டு வாங்க.”

“என்ன பாய் இது? நீங்க சொல்லுங்க.”

“அவுகளை ஏன் கேக்கீக? ஏலம் கேட்டது நான்.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். ஜப்பாருக்கு முகம் செத்துவிட்டது.

“தெரியாமச் செஞ்சிட்டேன்ட்டி. அதுக்காக வந்தவரை விரட்டணுமா? அடுப்பு எப்படி எரியும்?”

“காதுல கம்மல் கெடக்குல்லா? அது தீரட்டும், பொறவு பாப்போம்.”

“ஊரு சிரிக்கும்.”

“இப்ப மட்டும் அழுதுக்கிட்டா இருக்கு?”

சாக்குத் தைக்கும் கோணூசியில் முறுக்கு நூலைக் கோத்து, மிச்ச முடிச்சும் கழலாமல் தைக்க, கம்பளத்தின் வெட்டுப்பட்ட ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு தையல் போட்டதும் கம்பளம் நழுவியது. நிமிர்ந்து பார்த்தாள்.

“வெட்டின கைதானே? வந்து பிடிங்க.”

ஜப்பார் உட்கார்ந்து பிடித்தான்.