தமியானாவின் புருவம்

அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் தமியானா, பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சில்லை, கை கால் அசைவில்லை. கால்மாட்டில் மூத்த மகன் கிறிசாந்தோ. டொரண்டோவிலிருந்து வந்தவன், ஷூவைக்கூடக் கழற்றவில்லை. தலைமாட்டில் மகள் லியோனிலா. மூக்குக் குழாயில் கஞ்சித் தண்ணீர் விட்டுக்கொண்டு நான், சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்பவன்.

வாசலில் கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்தின் வேன் நின்றது. தமியானாவுக்குள் இன்னும் ஆள் இருந்தால் அவள் இங்கேயே இருப்பாள். இல்லையென்றால் வேனில் ஏற்றிவிட்டு வீட்டை விற்றுவிடுவது. அண்ணனும் தங்கையும் போனிலேயே சண்டை போட்டு அப்படி முடிவு செய்திருந்தார்கள்.

"வந்து இவ்வளவு நேரமாச்சு. அம்மா கையை எடுத்து நெத்தியில வைக்கல நீ," என்றாள் லியோனிலா.

"யாருகிட்ட ஆசீர்வாதம் வாங்கச் சொல்ற? மெத்தைகிட்டயா? கண்ணை இமைக்கச் சொல்லி டாக்டர் கத்தினாரு. இமைச்சாளா?"

"நம்ம இலோயிலோவுல எவன் இமைச்சு ஆமான்னு சொல்றான்? புருவத்தைப் பாரு."

அது சரிதான். இங்கே ஆமாம் என்பதற்கு யாரும் வாய் திறப்பதில்லை. புருவத்தை ஒரு தடவை தூக்கினால் முடிந்தது. மீன்காரியும் அப்படித்தான், பாதிரியாரும் அப்படித்தான்.

லியோனிலா குனிந்தாள். "அம்மா, நான் பேசறது புரியுதா?"

புருவங்கள் மெல்ல ஏறி இறங்கின.

"வெறும் துடிப்பு," என்றான் அவன். "செத்த தவளையும்தான் காலை உதைக்கும். இல்லைன்னு பதில் வரவேண்டியதைக் கேக்கணும். தள்ளு. அம்மா, நான் நாயா?"

புருவங்கள் ஏறி இறங்கின.

"முடிஞ்சுது. எதைக் கேட்டாலும் ஆமாம். உள்ள யாரும் இல்ல."

லியோனிலா சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "அப்பா சாவுக்குக்கூட வராதவனைப் பத்திச் சரியாத்தானே சொல்றா. இதுக்கு மேல என்ன புத்தி வேணும்?"

"நீ நினைக்கிறதை அவ மூஞ்சில ஒட்டாத."

"உனக்குள்ள ஆள் இருக்குன்னு மட்டும் எனக்கு எப்படித் தெரியும்? வாய் அசையுது. அவ்வளவுதான் தெரியுது."

"கிள்ளினா எனக்கு வலிக்கும்டி."

"அப்படின்னு சொல்லிக்கிற."

அவன் தாயின் கட்டைவிரல் நகத்தை அழுத்தினான். வெளுக்கும்வரை அழுத்தினான். முகம் மாறவில்லை. நான் அவன் கையைப் பிடித்து எடுத்தேன்.

"நீ சொல்லு," என்று என் பக்கம் திரும்பினான். "நாள் பூரா கூடவே இருக்க. உள்ள இருக்காளா?"

இருக்கிறாள் என்றால் என் வேலை நிலைக்கும். ஆனாலும், "தெரியாது சார்," என்றேன். "தினமும் பேசறேன். சில நாள் கேக்குற மாதிரி இருக்கு. சுவத்துகிட்ட பேசினாலும் சில நாள் அப்படித்தான் இருக்கு."

"சோறு போட்டதுக்கு நல்லா செஞ்ச," என்றாள் லியோனிலா.

"தெரியாதுன்னுட்டான்ல? அப்ப ஏத்தலாம்."

"தெரியாதுன்னா ஏத்தக்கூடாது. உள்ள அம்மா இருந்துட்டா? அந்தக் கூடத்துல வரிசையாப் படுக்கப்போட்டு, பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இல்லாம, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே கிடப்பாளா?"

"இல்லன்னா? ஒரு பொணத்துக்குக் காவல் இருந்தே நீ கிழவியாயிடுவ."

"ஆயிட்டுப் போறேன். உனக்கென்ன?"

கிறிசாந்தோ வாசலுக்குப் போனான். ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்று வாசல் நிலையைக் கையால் அளந்தான். பிறகு வேனில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே படி இறங்கினான்.

லியோனிலா பின்னாலேயே வாசல்வரை போனாள். உள்ளே இருந்தபடியே கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் போட்டாள், பூட்டில் சாவியைத் திருப்பினாள்.