குனிந்தாலும் தெரியாது

அட்டையில் "குனிந்தாலும் தெரியாது" என்று அச்சடித்திருந்ததைப் படித்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அதை அந்த லெக்கிங்ஸின் இடுப்புப் பட்டியில் மெல்லிய நூலால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வியர்வையை உறிஞ்சும், எந்தப் பக்கம் இழுத்தாலும் நெகிழும், எத்தனை முறை துவைத்தாலும் தொளதொளக்காது என்றெல்லாம் அளந்துவிட்டு, கடைசியில் கொஞ்சம் பெரிய எழுத்தில் இது. யாரும் கேட்காத கேள்விக்கு ஒருவர் முந்திக்கொண்டு பதில் சொன்னால் அதில் என்னவோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் மருத்துவச் செலவு கேட்டு வருகிற விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறவள். "கால் தானாகத்தான் வழுக்கியது" என்று எழுதுகிறவர்களின் தாளைத் தனியே எடுத்து வைத்துவிடுவேன். ஆபீசில் எனக்கு எக்ஸ்ரே என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

விலையைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். நான் வழக்கமாக வாங்கும் கறுப்பு லெக்கிங்ஸில் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு, மிச்சக் காசில் டாக்சி பிடித்து வீட்டுக்கும் போய்விடலாம்.

"இது என்னம்மா, தங்கத்துல நெய்ததா?" என்று கடைப்பெண்ணிடம் கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. இந்தக் கேள்வி தினமும் அவள் காதில் விழும் போலிருக்கிறது. "நான் சொல்லி நீங்க நம்ப வேணாம் மேடம். வீட்டுல இருக்கறதப் போட்டுட்டு வெளிச்சத்துல நின்னு குனிங்க. யாரையாவது பின்னாடி நின்னு பாக்கச் சொல்லுங்க. அப்புறம் இதையும் போட்டுக் குனிங்க. பிடிக்கலன்னா ஒரு வாரத்துக்குள்ள திருப்பிக் கொடுத்துடுங்க. அட்டைய மட்டும் அறுத்துடாதீங்க."

இவ்வளவு நியாயமாகப் பேசுகிறாளே என்று எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. ஆனாலும் வாங்கினேன், கருநீலத்தில் ஒன்று.

வாங்கியதற்குக் காரணம் இருந்தது. முதுகுவலிக்காக நான் யோகா வகுப்புக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. நூலகத்துக்கு மேலே ஒரு கூடம், ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பது பேர்போல வருவோம். டீச்சருக்கு முழங்கால் ஆபரேஷன் என்று முடிவானதும், திரும்பி வரும்வரை வகுப்பை நடத்த என்னைக் கேட்டார். "நீங்க எதையும் அரைகுறையா செய்றதில்ல. அதான் கேக்கறேன்," என்றார். இத்தனை வயதுக்கு முதல் தடவையாக ஒருவர் என்னை முன்னால் வந்து நிற்கச் சொல்கிறார். பள்ளிக்கூடத்திலும் உயரம் என்று சொல்லிக் கடைசி பெஞ்சில்தான் போட்டார்கள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனால் டீச்சர் அதோடு நிறுத்தவில்லை. "நல்ல லெக்கிங்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க. முன்னாடி நிக்கப் போறீங்கல்ல," என்று கடையின் பெயரையும் சொன்னார். சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரரிடமிருந்து அவருக்கு ஏதாவது வருகிறதா என்று நினைத்தேன். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. எங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவர் எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார். எதிரே நின்றால் இடதும் வலதும் குழம்பிப்போகும். அப்படியென்றால் நான் குனியும்போது முப்பது பேரும் எனக்குப் பின்னால் இருப்பார்கள். எங்கேயாவது ஒரு மூலையிலிருந்து கிசுகிசுவென்று ஒரு சிரிப்பு வந்தால் போதும், நான் ஒழிந்தேன். மறுவாரம் அந்தக் கூடத்துப் படியில் கால் வைக்கமாட்டேன்.

வீட்டில் கணவர் முன்னால் போய் நின்று குனிந்தேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் போனைப் பார்த்தபடி.

"நீங்க பாக்கவே இல்லையே."

"பாத்தேனே. கறுப்பு."

"இது நீலம்."

அவரோடு பேசிப் பயனில்லை. சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜாடியின்மேல் போனைச் சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக் குனிந்தேன். ஓட்டிப் பார்த்தால் மேஜை விரிப்பும் என் ஒரு முழங்கையும். மறுபடி எடுத்தேன், ஜாடி நகர்ந்து கூரைதான் பதிவாகியிருந்தது. ஒருவழியாக நான் முழுதாகப் பதிவானபோது, இந்தப் போனைப் போய் எப்படி நம்புவது என்று தோன்றியது. என் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் காட்டுகிற போன் அது. சாட்சிக்கு உதவாது. பின்னால் நின்று பார்த்து, உள்ளதை உள்ளபடி சொல்ல ஒரு ஆள் வேண்டும். என்னைச் சுற்றி அப்படி யார் இருக்கிறார்கள் என்று யோசித்தால் ஒருவர் முகமும் வரவில்லை. கடைசியில், மாடியில் இருக்கிற ஓரகத்திதான் மிச்சம்.

அவள் கொழுந்தனாரின் மனைவி. வீட்டைப் பிரித்தபோது காற்றும் வெளிச்சமும் உள்ள மாடி அவர்கள் பங்குக்குப் போனது தற்செயல் என்று என் கணவர் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார். அவள் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். பிள்ளைகளை வரிசையாக வெளியே கூட்டிப்போகும்போது அவள் கடைசியில்தான் நடப்பாள், நானே பார்த்திருக்கிறேன். முன்னால் போகிறவர்களைக் கண்காணிக்க அதுதானே வசதி. வாய் திறந்து அதிகம் பேசமாட்டாள். இப்படிப்பட்டவர்கள் மனதுக்குள் எவ்வளவு பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் யோகாவில் சேர்ந்த கொஞ்ச நாளில், யாரும் கூப்பிடாமலே அவளும் வந்து சேர்ந்தாள்.

சேர்ந்ததுகூடப் பரவாயில்லை. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து தன்னுடைய மஞ்சள் யோகா மேட்டை எனக்கு நேர் பின்னால்தான் விரிக்கிறாள். ஒரு வாரம் நான் வேண்டுமென்றே இடது மூலைக்குப் போனேன். அவள் விரித்த மேட்டைச் சுருட்டிக்கொண்டு அங்கேயும் வந்துவிட்டாள். குனிகிற நேரத்தில் எல்லோரும் குனிந்துவிடுவார்கள், அவள் குனியமாட்டாள். குனிந்ததும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பதால் நான் பார்த்ததில்லை. ஆனால் "மஞ்சள் மேட், நீங்களும் குனிங்க" என்று டீச்சர் சொல்லாத வாரம் அபூர்வம். ஒரு தடவை நான் தாமதமாகப் போய், பின்சுவரை ஒட்டித்தான் இடம் கிடைத்தது. அன்றைக்கு அவள் என் பக்கமே வரவில்லை, முன்வரிசையில் ஹாயாக நின்று எல்லாரையும்போலக் குனிந்தாள். நான் இதையெல்லாம் மனதில் குறித்து வைத்திருந்தேன். நான் எங்கே தள்ளாடுகிறேன், எங்கே மூச்சு வாங்குகிறேன் என்று பார்த்து வைத்து, வீட்டுக்குப் போய்க் கொழுந்தனாரிடம் நடித்துக் காட்டுவாள், வேறென்ன? இப்போது முன்னால் நிற்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்ததில் அவளுக்கு வயிறு எரியாமல் இருக்குமா? அதனாலேயே அவள் சரியான ஆள் என்று எனக்குத் தோன்றியது. பிடிக்காதவர்கள் கண்ணுக்குத்தான் ஓட்டை தெரியும்.

சனிக்கிழமை பிற்பகல் மாடிக்குப் போனேன். பழைய கறுப்பைப் பையில் வைத்துக்கொண்டு, புதியதைப் போட்டுக்கொண்டு போனேன். ஓரகத்தி பால்கனிக் கதவருகே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை, அதையும் நான் கவனித்தேன்.

"உண்மையச் சொல்லணும். சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு, வெயில் விழுகிற இடத்தில் நின்று குனிந்தேன்.

"ஒண்ணும் தெரியலக்கா."

"கிட்ட வந்து பாரு."

வந்தாள். அவள் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. "தெரியலக்கா. நல்லாருக்கு."

"சரி, இரு. பழசப் போட்டுட்டு வரேன். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு பாக்கணும்ல. சும்மா காசக் கொட்ட முடியுமா?"

"அது வேணாம்கா," என்றாள். அவள் சாதாரணமாகப் பேசுகிற வேகம் இல்லை அது. "புதுசயே வெச்சுக்கோங்க."

"பழசப் பாக்காமயே சொல்றே?"

அவள் திரும்பிப் போய் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அதப் பாத்திருக்கேன்கா."

எனக்குப் புரிய நேரமாகவில்லை. துண்டு துண்டாக வருகிற தாள்களை அடுக்கி வைத்து உண்மை எது என்று பார்ப்பதுதானே என் வேலை. மஞ்சள் மேட், மூலைக்கு மாறியது, சுவர் இருந்த அன்றைக்கு வராதது, குனியாமல் நின்றது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. காதெல்லாம் சுட்டது.

"எப்பலேர்ந்து?"

"மழை ஆரம்பிச்சப்போ. நீங்க ஜன்னல் பக்கம் நின்னீங்கள்ல, அன்னிக்கு. துவைச்சுத் துவைச்சு துணி நைஞ்சு போச்சுக்கா, அவ்வளவுதான்."

"இத்தன நாளா வாயத் தெறந்து சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருப்பேன்." துண்டை அடுக்கின்மேல் வைத்து உள்ளங்கையால் நீவினாள். "நான் எதுக்குச் சொல்றேன்னுதான் நீங்க யோசிப்பீங்க."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று பெற்றோரிடம் சொல்வதுபோல இருப்பதைச் சொன்னாள். எனக்கு வலித்தது அதனால் இல்லை. அவள் அதைச் சொன்ன அந்த நொடியில், இவள் எதற்காக இதை இப்போது சொல்கிறாள் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கீழே வந்து பழைய லெக்கிங்ஸை எடுத்து, பின்பக்கத்தை இரண்டு கையாலும் இழுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். எதிர்வீட்டு மொட்டைமாடி தெரிந்தது. தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. தொட்டியின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்து அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது, அதுவும் தெரிந்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது கோபம்தான். சொல்லியிருக்கலாம், ஒரு வார்த்தை, ஜாடையாகவாவது. அப்புறம் வெட்கம். அதற்கும் பிறகு நான் என் வழக்கமான வேலையை ஆரம்பித்தேன். என்னைத் தனக்குக் கடன்பட்டவளாக ஆக்கிவைக்கப் பார்க்கிறாளா? என்றைக்காவது சபையில் சொல்லிக்காட்ட வைத்திருக்கிறாளா? ஆனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொழுந்தனார் வாயிலிருந்து அது என் காதுக்கு என்றோ வந்திருக்கும், அவர் வாய் அப்படி. தன் பயிற்சியைக் கெடுத்துக்கொண்டு, வாராவாரம் டீச்சரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, மற்றவர்கள் கண்ணில் படாதபடி என்னை மறைத்து நின்றிருக்கிறாள். இதில் அவளுக்கு என்ன லாபம் என்று எந்தப் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தாலும் பிடிபடவில்லை. அழுகை வந்தது, அழுதேன். கணவர் எட்டிப் பார்த்து, "என்ன, சைஸ் சேரலையா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை புதியதைப் போட்டுக்கொண்டு போனேன். அட்டையை மட்டும் அறுக்கவில்லை, மடித்து இடுப்புப் பட்டிக்குள் சொருகிக்கொண்டேன். ஒரு வாரம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. இப்படி அட்டையோடு போட்டுப் பார்த்துவிட்டு, தொடவே இல்லை என்று திருப்பிக் கொடுக்க வருகிறவர்களின் விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தால் நான் ஒரே கிழியாகக் கிழிப்பேன். இருந்தாலும் அத்தனை காசு, அதுவும் ஒருத்தி சொன்னதை மட்டும் நம்பி.

கூடத்தின் முன்னால் என் மேட்டை விரித்து, எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்றேன். பின்னால் மேட்டுகள் விரிகிற சத்தம், செருமல்கள், யாரோ கொட்டாவி விட்டது. ஓரகத்தி எங்கே என்று திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது, பார்க்கவில்லை. இனிமேல் அவள் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். ஜன்னலோரமாக, தோழிகளோடு, அவள் இஷ்டம். அவளுடைய மேட்டைக் கட்டியிருக்கும் ஒட்டுப்பட்டையைப் பிரித்தால் சர்ரென்று ஒரு சத்தம் வரும், எனக்கு அது மனப்பாடம். அதற்காகக் காத்திருந்தேன். சத்தம் எனக்கு நேர் பின்னாலிருந்து வந்தது, மிகவும் பக்கத்தில்.

"கைகளை மேலே தூக்குங்க," என்றேன். குரல் நடுங்கினாலும் கூடத்தின் கடைசிவரை போயிற்று. "மூச்ச விட்டுக்கிட்டே மெதுவா குனிங்க."

குனிந்தேன். சொல்லிக்கொடுக்கிறவள் கண்ணை மூட முடியாது. என் இரண்டு கால்களுக்கும் நடுவே கூடம் தலைகீழாகத் தொங்கியது. வரிசை வரிசையாகக் கவிழ்ந்த தலைகள், தரையைத் தேடும் கைகள், அவிழ்ந்து விழுந்த கூந்தல்கள். அவற்றுக்கெல்லாம் முன்னால், மஞ்சள் மேட்டின்மேல், தலையோ கையோ கீழே வராமல், இரண்டு பாதங்கள் மட்டும்.

பழக்கதோஷமா? இல்லை, நேற்று வெயிலில் அவள் சொன்னது பொய்யா? இடுப்பில் அட்டையின் முனை குத்தியது. "மஞ்சள் மேட், நீங்களும் குனிங்க" என்று இப்போது நான்தான் சொல்ல வேண்டும். எல்லாரும் தலைகீழாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, என் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். அந்தப் பாதங்கள் அசையவில்லை. இடது பெருவிரல் நகத்தில் மட்டும், காப்பகத்துப் பிள்ளை ஏதோ ஒன்று கிரேயானால் பூசிவிட்ட பச்சை நிறம் கழுவப்படாமல் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், இன்னும் கொஞ்சம் ஆழமாகக் குனிந்தேன்.