அடிக்குறிப்பில் நான்கு பெயர்கள்

மார்ஜின் சரியில்லை என்று கட்டுரை திரும்பி வந்திருந்தது. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டரில் யுவராணி அதைத் திருத்திக்கொண்டிருக்க, அவள் அம்மா தெய்வநாயகி வாசல் பக்கம் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். உப்பளத்திலிருந்து நேராக வந்தவள். காலில் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. டைல்ஸ் தரை அழுக்காகிவிடுமோ என்று பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

யுவராணி சட்டக் கல்லூரியில் நான்காம் வருஷம். மாணவர் மாநாட்டுக்கு இங்கிலீஷில் கட்டுரை அனுப்ப வேண்டும். உப்பளத்துப் பெண்களுக்குச் சட்டம் என்னென்ன கொடுக்கச் சொல்கிறது, என்னென்ன கிடைக்கிறது என்பதுதான் விஷயம். கிடைக்கிற பகுதி சின்னது. சுமை தூக்கும் இடத்தில் கக்கூஸ் கிடையாது, அதனால் விடியற்காலை இறங்கினால் வேலை முடிகிறவரை யாரும் தண்ணீர் குடிப்பதில்லை என்று அம்மாவின் செட்டுப் பெண்கள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள். சொன்னவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு பெண் தொழிலாளி' என்று மட்டும் போட்டிருந்தாள்.

"இதுக்கு ஒத்துக்க மாட்றாங்கம்மா. யார் சொன்னது, எந்த ஊரு, என்னைக்கு சொன்னாங்க, எல்லாம் கீழ அடிக்குறிப்புல போடணுமாம். இல்லன்னா அந்தப் பாராவையே எடுத்துடச் சொல்றாங்க."

"அதையே எடுத்துட்டா அப்புறம் இன்னாடி இருக்குது அதுல? என் பேரைப் போடு."

"மொதலாளி காதுக்குப் போச்சுன்னா?"

"இங்கிலீஷ்ல இருக்கறத எவன் படிக்கப் போறான்?"

யுவராணி டைப் அடித்தாள். தெய்வநாயகி எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். கீழே பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"என் பேரு மட்டும்தானா? அமராவதி, மலர்கொடி, விஜயலட்சுமி, அவங்களுந்தான சொன்னாங்க? அவங்களை உட்டுட்டா நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கூட கூடை தூக்குவேன்?"

ஊரில் பேர் விட்டுப்போவது லேசான குற்றமில்லை. அவள் தம்பி மகள் காதுகுத்துப் பத்திரிகையில் மாமன் வரிசையில் ஒரு பெயர் விட்டுப்போய், அந்த வீட்டோடு இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது. "இது பத்திரிகை இல்லம்மா" என்று யுவராணி சொல்லிப் பார்த்தாள். அம்மா நகரவில்லை. மறுநாள் உப்புப் பாத்தியில் கேட்டபோது மூன்று பேருக்கும் சந்தோஷம்தான். விஜயலட்சுமி மட்டும் வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

நான்கு பெயரோடும் கட்டுரை தேர்வானது. தேர்வானவற்றை மாநாட்டுக்காரர்கள் இணையத்தில் போட்டார்கள். முதலாளியின் மகன் சென்னையில் சட்டம் படிக்கிறான். சட்டம் படிக்கிறவன் சட்டக் கட்டுரையைப் படிப்பான் என்று நான்கு பேரில் ஒருத்திக்கும் தோன்றியிருக்கவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் போய் இறங்கியபோது வேறு பெண்கள் சுமந்துகொண்டிருந்தார்கள்.

"சாரு வேற செட்டு வெச்சுக்கச் சொல்லிட்டாரு" என்றான் மேஸ்திரி ஆதிமூலம். முகத்தைப் பார்க்கவில்லை.

மழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ஐப்பசியில் பாத்தி முழுகினால் தை வரை யாருக்கும் வேலை கிடையாது. இப்போது கையில் வருவதை வைத்துத்தான் அந்த மாதங்களில் அடுப்பு எரியும். தெய்வநாயகி வீட்டு வாசலில் நின்று அமராவதி கத்தினாள். "உன் பொண்ணு வக்கீலாவறதுக்கு எங்க சோத்துல மண்ணா?" பேரைச் சேர்க்கச் சொன்னது தெய்வநாயகிதானே. வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

ஆதிமூலமே வந்து வழி சொன்னான். "நாங்க அப்பிடி எதுவும் சொல்லலன்னு எழுதிக் குடுங்க. கட்டுரையையும் வாபஸ் வாங்கிடணும். உன் பொண்ணே எழுதட்டும், நல்லாத்தான எழுதுது."

"எழுதிக் குடுக்காதம்மா" என்றாள் யுவராணி. "சட்டப்படி உங்களை இப்பிடி நிறுத்த முடியாது. கேஸ் போடலாம்."

"போட்டா எப்ப முடியும்?"

யுவராணி எழுந்தாள். பிரவுசிங் சென்டருக்குப் போய் மாநாட்டுக்கு மெயில் அனுப்பிவிட்டு, முதலாளிக்கு வேண்டியதை அடித்தாள். பழகிய கை மார்ஜினைத் தானாகவே சரிசெய்தது.

உப்புக் கொட்டகையில் மற்ற மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தெய்வநாயகிக்கு எழுதத் தெரியாது. 'எங்களுக்கு இங்கே எந்தக் குறையும் இல்லை' என்ற வரிக்குக் கீழே கட்டைவிரலை அழுத்தினாள். நீலமாக ஒரு திட்டு விழுந்தது. ஆதிமூலம் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இன்னாம்மா, ரேகையே இல்ல?"

"உப்புல தேஞ்சு அவ்ளோதாங்க இருக்குது."

"சாரு ஒத்துக்க மாட்டாரு. அந்தக் கைய வை."

முந்தானையில் துடைத்துவிட்டு அந்தக் கையை வைத்தாள். அதுவும் மொழுக்கென்று விழுந்தது. ஆதிமூலம் மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினான்.

"ஒவ்வொரு விரலா வெச்சுக்கினே வா" என்றான். "ஒண்ணாவது விழுதா பாப்போம்."