வராதவர்களின் சாட்சி

நெடுஞ்சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் சலூன் வாசலில் ஆளுயரத்துக்கு மண்ணைக் குவித்தார்கள். அடுத்த வாரம் அதற்கு முன்னால் ஒரு பள்ளமும் வெட்டினார்கள். கடைக்குள்ளிருந்து பார்த்தால் தெரு தெரியாது. தெருவிலிருந்து பார்த்தால் கடை தெரியாது. சலூன்காரர் காலையில் கண்ணாடியைத் துடைப்பார், கத்தரிக்கு எண்ணெய் விடுவார், அப்புறம் ஈ ஓட்டுவார். தூசி மட்டும் தவறாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

சாலை வேலையால் வியாபாரம் படுத்தவர்களுக்கு அரசாங்கம் இழப்பீடு தருகிறது என்று அவர் மனைவி எங்கோ கேட்டுவந்து சொன்னாள். சலூன்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு நெடுஞ்சாலை ஆபீசுக்குப் போனார்.

"கஸ்டமர் வரலைங்கிறதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார் அங்கிருந்த மேடம்.

"வரலைம்மா. அதான் ஆதாரம்."

"அது நீங்க சொல்றது. அவங்க சொல்லணும். எங்க இன்ஸ்பெக்டர் திங்கக்கிழமை நேர்ல வருவார். அன்னைக்கு அவங்களைக் கடையில இருக்கச் சொல்லுங்க."

"யாரைம்மா?"

"வராதவங்களை."

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தவருக்கு, பஸ்சில் பாதி தூரம் போன பிறகுதான் தலை சுற்றியது.

வராதவர்களைத் தேடி அலைந்தார். பஸ் டிரைவர் கிடைத்தார், தையல்காரர் கிடைத்தார். கணக்கு வாத்தியார் பக்கத்துத் தெரு சலூனில், முகமெல்லாம் நுரையோடு கிடைத்தார். இவரைக் கண்டதும் வாத்தியார் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே. அந்த மண்ணு மேல ஏற முழங்கால் ஒத்துழைக்கலை."

"பரவாயில்லை சார். இதையே வந்து சொல்லிடுங்க."

பதினெட்டு வருஷத்து வாடிக்கையை இன்னொருத்தன் நாற்காலியில் பார்த்ததற்கு வருத்தப்படுவதா, பலமான சாட்சி கிடைத்ததற்குச் சந்தோஷப்படுவதா என்று அவருக்குப் புரியவில்லை. வாத்தியாரின் ஒரு பக்கக் கிருதா ஏறியும் மறுபக்கம் இறங்கியும் இருந்தது மட்டும் நன்றாகப் புரிந்தது.

திங்கட்கிழமை ஒருவரை ஒருவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, எல்லாரும் பள்ளத்தையும் மண்மேட்டையும் தாண்டி வந்து சேர்ந்தார்கள். இன்ஸ்பெக்டரைத்தான் காணோம். பஸ் டிரைவருக்கு உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துவிட்டது.

"சும்மாதானே இருக்கோம். ஒரு கட்டிங் போட்டுருங்கண்ணே."

நாற்காலியில் ஏறி உட்கார்ந்தவரை எப்படி வேண்டாம் என்பது? டிரைவருக்குப் பிறகு தையல்காரர். அவருக்குப் பிறகு, கிருதாவைச் சரிசெய்துகொள்ள வாத்தியார். இன்ஸ்பெக்டர் மேட்டில் சறுக்கி, பேண்டெல்லாம் மண்ணாக உள்ளே நுழைந்தபோது பெஞ்சு நிறைந்திருந்தது, தரையெல்லாம் முடி.

"கடை நல்லாத்தானே ஓடுது?"

"ஐயோ சார், இவங்கல்லாம் வராதவங்க!"

"வந்திருக்காங்களே?"

"வரலைன்னு சொல்ல வந்திருக்காங்க."

"முடி வெட்டிக்கிறாங்களே?"

"அது... வந்ததுக்கு."

வாத்தியார் துண்டோடு எழுந்தார். "நான் பக்கத்துத் தெருவுலதான் வெட்டிக்கிறேன், சார்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு இங்க."

இன்ஸ்பெக்டர் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். பேண்டைத் தட்டிவிட்டபடி போய்விட்டார். காரியம் கெட்டது என்றே சலூன்காரர் நினைத்தார்.

ஆனால் அடுத்த வாரம் போன் வந்தது. "உங்களுக்குப் படி சாங்ஷன் ஆயிடுச்சு. வியாழக்கிழமை வந்துடும், கடையில இருங்க."

படியா? ஆபீஸ் உத்தியோகத்தில் இருந்த மச்சானிடம் கேட்டார்.

"பயணப்படி, பஞ்சப்படி மாதிரி மாமா. அலவன்ஸ்."

"மாசாமாசம் வருமா, ஒரே தடவையாங்க?" என்றாள் மனைவி. அதைக் கேட்க மறந்துவிட்டதற்காக இரண்டு நாள் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை ஒரு லாரி வந்தது. நாலு பேர் சேர்ந்து, கைப்பிடி வைத்த இரும்புப் படிக்கட்டு ஒன்றை இறக்கி, பள்ளத்தையும் மேட்டையும் தாண்டும்படி பொருத்தினார்கள்.

"கையெழுத்துப் போடுங்க."

"பணம்?"

"பணமா? படின்னுதான் சொன்னாங்க."

அவர் ஆபீசுக்குப் போன் போட்டார்.

"ஆளுங்க வர ரெடியாத்தான் இருக்காங்க, வழிதான் இல்லைன்னு எங்க இன்ஸ்பெக்டர் எழுதியிருக்கார்," என்றார் மேடம்.

"அப்போ இத்தனை நாளா வராததுக்கு?"

"அவங்கதான் வந்துட்டாங்களே."

அவர் போனை வைத்தார். மேடம் சொன்னதிலும் பொய் இல்லையே.

வெளியே இரும்பு அதிர்ந்தது. கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கியபடி ஒரு கிழவர் இறங்கி வந்தார். இதுவரை இந்தப் பக்கமே பார்த்திராத முகம்.

"இங்க ஒரு கடை இருக்கிறதே தெரியாது தம்பி. படியைப் பார்த்து, என்னமோ இருக்குன்னு வந்தேன். ஷேவிங் உண்டா?"

"உண்டுங்க, உட்காருங்க."

பின்வாசலில் நின்ற மனைவி மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, இப்போ நமக்குக் கிடைச்சிருக்கா, கிடைக்கலையா?"

சலூன்காரர் கிழவரின் கழுத்தில் துண்டைச் சுற்றினார்.

"தெரியலை. வெந்நீர் எடுத்துட்டு வா," என்றார்.